தம்பி விளையாடட்டும்!

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஐந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இருக்காது. மாலை ஆறு மணி. நீங்கள் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறீர்கள். “அப்படியே தம்பியையும் ரெண்டு பக்கம் எழுத வை!” என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறார். தம்பியின் கையில் பென்சில், எதிரே பயிற்சித்தாள். புள்ளிகளை இணைத்து ‘அ’ எழுத வேண்டும். அவன் கண்ணோ மேசைக்கு அடியில் கிடக்கும் காலி மைலோ டின்மேல் இருக்கிறது.

அடுத்த அரை மணி நேரத்தில் அவனுக்கு எது அதிகம் கற்றுத் தரும்? பயிற்சித்தாளா, மைலோ டின்னா? நான் டின்னின் கட்சி.

பிள்ளை பாவம் என்ற இரக்கத்தில் இதைச் சொல்லவில்லை. சிறு பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி அறிவியல் கண்டறிந்ததை வைத்துச் சொல்கிறேன். அதை அம்மா அப்பாவிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்கும் காரணம் உண்டு. பல வீடுகளில் அந்தப் பயிற்சித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஆசிரியர் நீங்கள்தான்.

டின்னுக்குள் ஓர் ஆய்வுக்கூடம்

டின்னைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா கவனியுங்கள். முதலில் தட்டுவான், ஓசை வரும். உள்ளே ஒரு கல்லைப் போட்டுக் குலுக்குவான்; ஓசை மாறும். இரண்டு கல் போட்டால்? அரிசி போட்டால்? மூடியோடு உருட்டினால் நேராகப் போகுமா? பாதியளவு தண்ணீர் ஊற்றி உருட்டினால்?

இதைத்தான் நீங்கள் படிவம் 1 அறிவியல் பாடத்தில் வேறு பெயரில் படிக்கிறீர்கள். ‘இப்படிச் செய்தால் இப்படி நடக்கும்’ என்று ஊகிப்பது கருதுகோள். மலாய்ப் பாடநூலில் அது ஹிப்போதெசிஸ். ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருப்பது சோதனை. கல்லுக்குப் பதிலாக அரிசியைப் போட்ட தம்பி மாற்றியது ஒன்றே ஒன்றுதான். யாரும் அவனுக்கு அந்த விதியைச் சொல்லித் தரவில்லை.

ஆய்வாளர்கள் எதை விளையாட்டு என்கிறார்கள்? பிள்ளை தானாக விரும்பித் தொடங்க வேண்டும். பரிசுக்காக இல்லாமல், செய்வதிலேயே மகிழ்ச்சி காண வேண்டும். விதியைத் தானே அமைக்கவும் நடுவில் மாற்றவும் உரிமை வேண்டும். கணக்குத் தாளில் கரடிப் படத்தை அச்சிட்டு ‘இது விளையாட்டு’ என்று கொடுத்தால், இந்த மூன்றில் ஒன்றும் அதில் இருக்காது.

நான்கு ரகசியம் உள்ள பொம்மை

2011-ஆம் ஆண்டு எலிசபெத் போனவிட்ஸ், லாரா ஷூல்ஸ் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ‘காக்னிஷன்’ என்ற ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிள்ளைகள் முன்பின் பார்த்திராத ஒரு பொம்மையை அவர்களே செய்தார்கள். அதில் நான்கு வேலைகள் ஒளிந்திருந்தன. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று ஒலிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். இன்னோர் இடத்தைத் தொட்டால் இசை வரும். ஒரு குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் முகம் தலைகீழாகத் தெரியும்.

பாலர்பள்ளி வயதுப் பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் ஆய்வாளர், “பார், என் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும்” என்று ஆசிரியரைப் போலச் சொல்லி, கீச்சொலியை மட்டும் செய்து காட்டினார். இன்னொரு குழுவின் முன் தற்செயலாகக் கை பட்டதுபோல் குழாயை இழுத்துவிட்டு, கீச்சொலி கேட்டு வியந்தார். பிறகு எல்லாரிடமும் பொம்மையைக் கொடுத்து விளையாட விட்டார்கள்.

சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள் திரும்பத் திரும்பக் குழாயையே இழுத்தார்கள். மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே விளையாடினார்கள். ஒளிந்திருந்த மற்ற வேலைகளில் குறைவானவற்றையே கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் இல்லாத பிள்ளைகளே பொம்மையை அதிகம் துருவினார்கள்.

ஏன் இப்படி? அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் என்பதால் அல்ல. அவர்கள் போட்ட கணக்கு சரியானதுதான்: ‘இவருக்கு எல்லாம் தெரியும். இன்னும் ஏதாவது இருந்தால் காட்டியிருப்பார். காட்டவில்லை, ஆகவே இல்லை.’ சொல்லிக்கொடுப்பது இருபுறமும் கூரான கத்தி. சொன்னது சீக்கிரம் பதியும். சொல்லாததைத் தேடும் ஆசை அடங்கும்.

ஐந்து வயதில் எது பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். ‘அ’ எழுதுவதை ஆறு மாதம் கழித்தும் கற்றுக்கொள்ளலாம். ‘தேடிப் பார்த்தால் கிடைக்கும்’ என்ற நம்பிக்கை போய்விட்டால், அதைப் பிறகு எந்த டியூஷன் வகுப்பில் வாங்குவது?

மூளை என்ன செய்கிறது?

பிறந்த முதல் சில ஆண்டுகளில் குழந்தையின் மூளையில் ஒவ்வொரு நொடியும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நரம்பு இணைப்புகள் உருவாகின்றன என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் குறிப்பிடுகிறது. எல்லா இணைப்பும் நிலைப்பதில்லை. அடிக்கடி பயன்படுவது வலுப்பெறும், பயன்படாதது கத்தரிக்கப்படும். நம் வயல்வெளி ஒற்றையடிப் பாதையைப் போலத்தான். ஆள் நடந்தால் பாதை; நடக்காவிட்டால் புல் மூடிவிடும்.

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்ஜியோ பெல்லிஸ் பல ஆண்டுகளாக எலிக்குட்டிகளின் விளையாட்டை ஆராய்ந்தவர். சக குட்டிகளோடு கட்டிப் புரண்டு விளையாடி வளர்ந்த எலிகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லாமல் வளர்ந்த எலிகளுக்கும், மூளையின் முன்பகுதி நரம்பணுக்களில் வேறுபாடு இருப்பதை அவருடைய குழு கண்டது. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் மனிதனிலும் அந்த முன்பகுதிதான் திட்டமிடவும், காத்திருக்கவும், கோபத்தை அடக்கவும் உதவுகிறது.

இப்போது இரண்டு பிள்ளைகள் ‘கடை’ விளையாடுவதைப் பாருங்கள். ஒருவன் இரண்டு குவளைகளை வைத்துக்கொண்டு தே தாரிக் ஆற்றுகிறான். மற்றவள் வாடிக்கையாளர். “மூணு ரொட்டி சானாய், ஒரு தே ஓ” என்கிறாள். அவன் அதை நினைவில் வைக்க வேண்டும். பாத்திரம் தன் கையில் இருந்தாலும் தானே குடித்துவிடாமல் அவளிடம் கொடுக்க வேண்டும். திடீரென்று அவள் “இப்ப நான் முதலாளி” என்றால், அவன் வாடிக்கையாளராக மாறிப் பேச வேண்டும். நினைவு, அடக்கம், மாறிக்கொள்ளும் திறன் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒரே ஆட்டத்தில் பழகிவிடுகிறார்கள். பாவனை விளையாட்டில் பிள்ளை தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டு அதற்குக் கட்டுப்படுகிறது என்பதை ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930-களிலேயே விளக்கியிருக்கிறார். வகுப்பறையில் “கையைக் கட்டிக்கொண்டு உட்கார்” என்று நூறு முறை அதட்டியும் வராத அடக்கம், அங்கே தானாக வருகிறது.

பல்லாங்குழியும் சொங்காக்கும்

“சரி, கணக்கை எப்படி விளையாட்டில் கற்பது?” என்று கேட்பீர்கள். இதற்கும் ஆய்வு உண்டு. கீதா ராமானி, ராபர்ட் சீக்லர் ஆகிய இருவரும் அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த பாலர்பள்ளிப் பிள்ளைகள் 124 பேரோடு ஓர் ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய பலகை விளையாட்டு. மறு பாதிக்கு அதே போன்ற பலகை, ஆனால் எண்ணுக்குப் பதில் வெறும் நிறங்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அளவுக்குத்தான் விளையாடினார்கள்.

எண் பலகையில் விளையாடியவர்கள் எண்ணுவதிலும், எண் எது என்று சொல்வதிலும், இரண்டு எண்களில் எது பெரியது என்று அறிவதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நீடித்தது. நிறப் பலகையில் விளையாடியவர்களிடம் அது இல்லை.

பினாங்கில் நமக்கு அந்தப் பலகையைக்கூட வாங்க வேண்டியதில்லை. பாட்டி வீட்டுப் பரணில் பல்லாங்குழி இருக்கலாம். பக்கத்து மலாய்க்கார வீட்டில் சொங்காக் இருக்கலாம். இரண்டும் ஒரே குடும்பத்து ஆட்டங்கள். பக்கத்துக்கு 7 குழி, மொத்தம் 14. குழிக்கு 7 காய் வைத்துத் தொடங்கினால் 98 காய்கள். ஆடுபவர் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு காயாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். ‘ஒரு பொருளுக்கு ஓர் எண்’ என்பது எண்ணறிவின் முதல் படி. அதைக் கை இங்கே தொட்டுத் தொட்டுப் பழகுகிறது. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று நான்கு ஆட்டத்துக்குப் பிறகு தம்பி முன்கூட்டியே பார்க்கத் தொடங்குவான். அப்போது அவன் மனக்கணக்குப் போடுகிறான் என்று பொருள்.

இது புதுக் கருத்து அல்ல

விளையாட்டு வழிக் கல்வி நேற்று வந்த நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1837-இல் சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயரிட்டார். பிள்ளைகளின் தோட்டம் என்று பொருள். மரக்கட்டைகளும் பந்துகளும் அவருடைய பாடக்கருவிகள். 1907-இல் ரோம் நகரின் ஏழைப் பகுதியொன்றில் மருத்துவர் மரியா மாண்டிசோரி தம் முதல் பள்ளியைத் திறந்தார். அவர் பிள்ளைகளின் செயலை ‘வேலை’ என்றே அழைத்தார். ஆனாலும் பிள்ளை தானே தேர்ந்தெடுத்து, தன் கையால் செய்து கற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போர் காரணமாகக் கொடைக்கானலிலும் தங்கினார். தமிழ் மண்ணுக்கு இந்தச் சிந்தனை வந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நம் நாட்டு நிலை என்ன? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்பின் ஒரு பகுதியாக்கியது. கல்வி அமைச்சின் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்து, 2017-இல் சீரமைக்கப்பட்டது. விளையாட்டு வழிக் கற்றல் அதில் வலியுறுத்தப்படும் அணுகுமுறைகளுள் ஒன்று. பிள்ளைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது. மலேசியா 1995-இல் அந்த உடன்படிக்கையில் இணைந்தது.

ஆக, ஏட்டில் குறையில்லை. குறை நம் வீட்டு மேசையில் இருக்கிறது.

பெற்றோரின் பயம் பொய்யா?

பொய் இல்லை. அதை மதித்துத்தான் பேச வேண்டும். முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்குள் நுழையும் பிள்ளை தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளைச் சந்திக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சரளமாக வாசிக்கும்போது நம் பிள்ளை திணறினால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்ட பிறகும் அந்தப் பயம் போய்விடவில்லை. தேர்வு போனாலும் ஒப்பிடும் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் சீக்கிரம் தொடங்குவதால் உண்மையிலேயே முந்திவிட முடியுமா? நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட்டும் அவருடைய குழுவினரும் ஐந்து வயதில் வாசிக்கக் கற்ற பிள்ளைகளையும் ஏழு வயதில் கற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். 11 வயதை நெருங்கும்போது இரு சாராரின் வாசிப்புத் திறனிலும் வேறுபாடு தெரியவில்லை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2,990 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வந்தன. அரசு பாலர்பள்ளிக்குப் போன பிள்ளைகள் தொடக்கத்தில் முந்தினார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில், இடம் கிடைக்காமல் போகாதிருந்த பிள்ளைகளைவிடத் தேர்வுகளில் பின்தங்கியிருந்தார்கள். காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் நடத்தும் நேரம் கூடி, விளையாட்டு நேரம் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒருவரான டேல் ஃபாரன் கருதுகிறார்.

அறிவியல் படிக்கும் நீங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “இவை எல்லாம் ஆங்கிலம் பேசும் நாடுகளில் நடந்தவை. 247 எழுத்துகள் கொண்ட தமிழுக்கு இவை பொருந்துமா?” நல்ல கேள்வி. அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். தமிழ் எழுத்துகளோடு பிள்ளைக்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பழக்கம் என்பது பயிற்சித்தாள் மட்டும்தானா என்பதே என் கேள்வி.

இங்கேதான் ‘வழிகாட்டப்பட்ட விளையாட்டு’ வருகிறது. பெரியவர் பொருளையும் சூழலையும் தேர்ந்து வைக்கிறார். ஆட்டத்தைப் பிள்ளை நடத்துகிறது. நடுவில் பெரியவர் ஒரு கேள்வி கேட்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2022-இல் வெளியிட்ட முடிவு இது: தொடக்கக் கணித அறிவு, வடிவ அறிவு போன்றவற்றில், நேரடியாகப் பாடம் நடத்துவதைவிட வழிகாட்டப்பட்ட விளையாட்டு கூடுதல் பயன் தந்தது. ஆகவே ‘விளையாட்டா, படிப்பா?’ என்ற கேள்வியே பிழை. எப்படிப்பட்ட விளையாட்டு, பெரியவர் எங்கே நிற்கிறார் என்றுதான் கேட்க வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் எங்கே விளையாடுவது?

ஆர்மேனியன் தெருவில், சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்தை எல்லாருக்கும் தெரியும். லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் வரைந்தது. உலகமெங்கிலுமிருந்து வருகிறவர்கள் அதன் முன் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். விளையாடும் பிள்ளைகளைச் சுவரில் பார்த்து நாம் பெருமைப்படுகிறோம். உயிருள்ள பிள்ளைகளோ அடுக்குமாடி வீட்டுக்குள் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. உங்கள் வீட்டில் இந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் குறித்துப் பாருங்கள்.

நீங்கள் கொம்தாரில் உள்ள டெக் டோமுக்குப் பள்ளிச் சுற்றுலா போயிருக்கலாம். அங்கே கருவிகளைத் தொட்டு, இழுத்து, சுழற்றித்தான் அறிவியல் கற்றீர்கள். பதினான்கு வயதில் உங்களுக்கு அது கல்வி என்றால், ஐந்து வயதில் தம்பிக்கு அது எப்படி வெட்டிப்பொழுது ஆகும்?

நீங்கள் செய்யக்கூடியவை

ஒன்று, நாளுக்கு அரை மணி நேரம் தம்பியோடு விளையாடுங்கள். அவன் தலைவன், நீங்கள் தொண்டர். “அப்படி இல்லை, இப்படி” என்ற சொல்லை அந்த அரை மணிக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

இரண்டு, “இது என்ன நிறம்? இது எத்தனை?” என்று தேர்வு வைக்காதீர்கள். “இதைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். அவன் தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம். போட்டுப் பார்க்கட்டும்.

மூன்று, அவனைத் தமிழில் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவன் படம் வரையட்டும். பிறகு அதை அவனுக்கே வாசித்துக் காட்டுங்கள். தன் வாய்ச்சொல் தாளில் எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, எழுத்து எதற்கு என்ற காரணம் விளங்கும்.

நான்கு, பல்லாங்குழி, ஐந்தாங்கல், பாண்டி ஆகியவற்றைக் கற்றுக்கொடுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் சிறு காய்களை எட்டாமல் வையுங்கள். வாயில் போட்டு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

ஐந்து, அம்மா அப்பாவிடம் வாதாடாமல் காட்டுங்கள். தம்பி ஆடும்போது அவன் எண்ணிய எண், கேட்ட கேள்வி, சொன்ன புதுச் சொல் ஆகியவற்றை ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வார இறுதியில் அந்தப் பக்கங்களை அவர்கள் முன் வையுங்கள். ஆதாரத்தோடு பேசுவதுதான் அறிவியல் படிப்பவர்க்கு அழகு.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் ஒரு சொல். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்நாட்டுத் தமிழ்க்கல்வி தன் வயதைக் கணக்கிடுகிறது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாலர்பள்ளியைப் பார்க்கப் போகும் பெற்றோர், ‘எத்தனை பயிற்சி நூல் முடித்தீர்கள்?’ என்று கேட்டால் ஆசிரியர் பயிற்சி நூலைத்தான் முடிப்பார். ‘இன்று பிள்ளைகள் எதைக் கண்டுபிடித்தார்கள்?’ என்று கேளுங்கள். விளையாட்டு வழியாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி கிடைத்தால் அவர்கள் தைரியமாக மேசைகளை ஓரம் தள்ளுவார்கள்.

மாணவர்களே, உங்கள் தம்பிக்கு ஐந்து வயது ஒரு முறைதான் வரும். எழுத்து அவனுக்காகக் காத்திருக்கும். அந்த வயது காத்திருக்காது.